சத்தம் போடாத கப்பல்

லீத் துறைமுகத்தில் இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் அரச குடும்பத்துக் கப்பலில், கணவர் வாலஸின் கையைப் பிடித்தபடி ஏறினாள் இசபெல். அவர் அதில் மாலுமியாக இருந்தவர்.

"ராஜ குடும்பம் மேல்தளத்துல இருந்தா மாலுமிங்க சத்தமே போடக் கூடாது. எல்லா உத்தரவும் கைஜாடைதான்," என்றாள் வழிகாட்டிப் பெண்.

"ஆமாம்மா. அங்க அடக்கி வச்சதையெல்லாம் லீவுல வந்து எங்கிட்ட பேசித் தீர்ப்பார்," என்றாள் இசபெல்.

"கஷ்டமா இருந்துச்சா சார்?"

"பழகிட்டார்," என்றாள் இசபெல்.

"ராணியம்மாவைக் கிட்டத்துல பார்த்திருக்கீங்களா சார்?"

"பார்க்காம என்ன? அவங்க வந்தா சிலை மாதிரி நிப்பார்," என்றாள் மறுபடியும் இசபெல்.

பெண் சிரித்தாள். "அவரையும் கொஞ்சம் பேச விடுங்களேன் மேடம்."

இசபெல் கணவரின் காலரைச் சரிசெய்தாள். "பக்கவாதம் வந்ததுல போன நடை திரும்பிடுச்சு, பேச்சு திரும்பலம்மா. காதலிக்கிறப்போ இந்தக் கப்பல் ஜாடையெல்லாம் விளையாட்டா சொல்லிக் கொடுத்தார். இப்ப அதுலதான் எங்க வீடே ஓடுது."

பெண்ணின் சிரிப்பு அடங்கியது. வாலஸ், தான் ஒரு காலத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கிய கைப்பிடிக் கம்பியைத் தடவியபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, இரண்டு விரல்களை நெஞ்சில் வைத்து எடுத்தார்.

"இது என்ன உத்தரவு மேடம்? எங்களுக்குச் சொல்லித் தந்ததுல இது இல்லையே."

இசபெல்லின் முகம் சிவந்தது.

"கப்பல்லயும் இல்லம்மா. அது நாங்களா சேத்துக்கிட்டது."