தண்ணி லாரிப் படங்கள்

"கோபம் வருமா சார் உங்களுக்கு?"

சுவரில் சாய்த்திருந்த ஓவியத்தைத் தூக்கப் போன ஆரோன், கிறிஸ்டி இப்படிக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"ஓவியத்தைப் பத்தி எழுத இதெல்லாம் கூட வேணுமாம்மா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"முதல்ல படத்தைப் பாருங்க" என்று நழுவினார் அவர்.

ஆரோனுக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே வாட்டர் கலர் பழக்கம் உண்டு. இந்த ஐந்து வருடமாக வரைவதெல்லாம் தண்ணி லாரிகள்தான். சிக்னலில் நிற்கும் லாரி, சந்துக்குள் திரும்ப முடியாமல் தவிக்கும் லாரி, வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போகும் லாரி. இதுவரை ஒருவரும் அவற்றைப் பார்க்க வேண்டும் என்று படியேறி வந்ததில்லை.

அதனால்தான் போன வாரம் கிறிஸ்டி போன் செய்து, "நான் ஓவியங்களைப் பத்தி எழுதறவ சார். கண்காட்சியும் நடத்தறேன். உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டபோது, தன் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. இன்று காலையில் வீட்டை இரண்டு முறை பெருக்கிவிட்டு, கிறிஸ்துமஸ் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

கிறிஸ்டி எந்த கேலரியிலும் சம்பளத்துக்கு இல்லை. மேடவாக்கம் பிளாட்டில் சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய ஆபீஸ். பத்திரிகைகளுக்கு எழுதுவாள். பெயர் தெரியாத ஓவியர்களைத் தேடிப் பிடித்து, கிடைத்த ஹாலில் காட்சி வைப்பாள். அழைப்பிதழ் எழுதுவதிலிருந்து ஆணி அடிப்பது வரை அவளேதான். பதினைந்து வருடத்தில் எத்தனையோ ஓவியர்களின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆனாலும் இன்று இந்த மாடிப்படி ஏறும்போது அவளுக்குக் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது.

எல்லாப் படங்களையும் தரையில் பரப்பச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் இருந்தவையும் வெளியே வந்தன. முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது வேண்டாம் சார். லாரியை அழகாக்கப் பார்த்திருக்கீங்க."

"ஆமாம்மா. அது எனக்கே உறுத்திட்டிருந்தது."

"இது இருக்கட்டும். இதுவும். ஐயோ, இது ரொம்ப நல்லா இருக்கு சார்."

ஒரு மணி நேரத்தில் பதினெட்டுப் படங்கள் தனியாகச் சேர்ந்தன. ஆரோன் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

"சமையல் யாரு சார்?"

"நானேதான். மீன்குழம்பு நல்லா வைப்பேன்."

"சுகர்?"

"போட்டிருக்கேனே."

"காபிக்கு இல்ல. உங்களுக்கு."

"கொஞ்சம் இருக்கு. மாத்திரை ஒழுங்கா போடறேன்."

கிறிஸ்டி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்தக் காலத்தில் கட்டுரை இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"கோபம் வருமான்னு கேட்டேனே சார்."

ஆரோன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் என் மேலதான். ஒன்பது வருஷம் இருக்கும். வைஃப் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தா. 'ஒருதரம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னா. நான் இந்தப் படத்தை முடிச்சிட்டுப் போகலாம்னு சொன்னேன். அடுத்த வாரம் அவ இல்ல. அந்தப் படத்தைக் கிழிச்சுப் போட்டேன். இப்பல்லாம் யாரு கூப்பிட்டாலும் பிரஷ்ஷைக் கழுவி வெச்சிட்டு எழுந்துடறேன்." அவள் நோட்டைப் பார்த்து, "இதை எழுதிடாதீங்கம்மா" என்றார்.

"எழுதலை சார்."

தெருவில் ஏதோ ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் கிறிஸ்டி அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"படம் முடிஞ்சதும் முதல்ல யாருக்குக் காட்டுவீங்க?"

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "சர்ச் கொயர்ல என்கூடப் பாடற ஒரு டீச்சர் இருக்காங்க. போன்ல காட்டுவேன். 'லாரிக்குப் பின்னாடி ரோட்டுல விழற தண்ணிக் கோடு இருக்கே, அதைப் பார்த்தா மனசு குளிர்ந்து போகுது'ன்னாங்க ஒருநாள். அன்னையிலேருந்து லாரியை விட அந்தக் கோட்டைத்தான் கவனமா போடறேன்."

"அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? இந்த வயசுல... தப்பா நினைச்சு கொயரையே விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா?"

கிறிஸ்டி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"ஜனவரியில காட்சி வைக்கலாம் சார். செம்பாக்கத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹால் இருக்கு. பதினெட்டுப் படம். எழுத வேண்டியதை நான் எழுதிக்கறேன்."

ஆரோன் கண்ணாடியைக் கழற்றி கிறிஸ்துமஸ் சட்டையின் நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? சுகர், மீன்குழம்பு, கோபம்... இதுக்கும் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல அங்கிள்" என்றாள், அதுவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கிறிஸ்டி. "கண்காட்சி, இங்க வந்து படங்களைப் பார்த்தப்புறம் முடிவு பண்ணினது. நான் வந்தது மாப்பிள்ளை பார்க்க. 'படம் நல்லா இல்லாட்டாலும் பரவாயில்ல, ஆளைப் பார்த்துட்டு வா'ன்னு என்னை அனுப்பி வெச்சதே அந்த கொயர் டீச்சர்தான், எங்கம்மா."