இடியாக நடிக்க ஆள் தேவை

கிதாரைத் தரையில் அடித்து இரண்டாக உடைத்த பிறகுதான், இந்த வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையே நடிகருக்கு வந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தார். மேனேஜரம்மா முகத்தில் முதல் தடவையாகப் பல் தெரிந்தது.

ராக் பாடகர் 'இடி'யின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறோம், இடியாக நடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த இடியே எதிரே சோபாவில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி, பாதி முகத்தை மறைக்கும் செம்பட்டை முடி, முட்டியில் பட்டை, நீட்டிய கால்.

நடிகரும் லேசுப்பட்டவர் இல்லை. மேடையில் இருபது வருஷமாக ராஜா. சம்பளம் மட்டும் சேவகனுக்கு உரியது. சினிமாவில், ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து உதட்டைப் பிதுக்கும் டாக்டர். யாரும் சாகாத படத்தில் அவருக்கு வேலை இல்லை.

பார்க்கிறவர்கள் எல்லாரும் "எங்கேயோ பார்த்த முகமா இருக்கே" என்பார்களே தவிர, பேர் என்ன என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. ஒரு கல்யாணத்தில் மச்சான் அவரை 'டாக்டர் மாப்பிள்ளை' என்று கேலியாக அறிமுகப்படுத்த, வந்திருந்த பெரியவர் ஒருவர் தன் மூலநோயை விவரிக்க ஆரம்பித்துவிட்டார். இந்தப் படத்திலாவது தன் பேர் திரை முழுக்க வர வேண்டும், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நடிகர் தவித்துக்கொண்டிருந்தார்.

"இடி இப்படி உடைக்க மாட்டாரு," என்றார் சோபாவில் இருந்தவர். "இடது கையால சுத்தி, கூட்டத்தைப் பார்த்துச் சிரிச்சிட்டு அடிப்பாரு."

தன்னையே இந்த மனுஷன் அவர் இவர் என்கிறாரே, புகழ் தலைக்கேறினால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நடிகர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அடுத்த கிதாரை எடுத்தார். உடைப்பதற்கென்றே மலிவு கிதார்களை மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

காலையிலிருந்து இதே கூத்துதான். மைக்கைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். மேடை விளிம்பில் நிற்பதுபோல் தள்ளாடி, விழாமல் நிற்கச் சொன்னார்கள். ரசிகைக்குக் கையெழுத்துப் போடுவது எப்படி, பத்திரிகைக்காரர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உறுமுவது எப்படி என்று பாடம் நடந்தது. கேமராவையே காணோமே என்று நடிகர் கேட்டதற்கு, முதலில் நடை வரட்டும் என்று மேனேஜரம்மா வாயை அடைத்துவிட்டார்.

ஒன்று மட்டும் நடிகரின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு மாட்டிக்கொண்டு விழிப்பதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று வாயைத் திறந்தார்.

"எனக்குச் சுட்டுப் போட்டாலும் பாட்டு வராதும்மா."

"பாட்டு ஓடும் சார். நீங்க வாயசைச்சா போதும்."

சினிமாவில் இது புதிதா என்ன. நடிகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தெம்பில் இடது கையால் சுழற்றி, சிரித்து, அவர் அடித்த அடியில் கிதார் சுக்குநூறானது. சோபாவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவரே போதும் என்று மேனேஜரம்மாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

வெளியில் யாரிடமும், வீட்டில்கூட, மூச்சு விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரிய படம் என்றால் அப்படித்தான் இருக்கும். நடிகர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "டைட்டில்ல என் பேர் தனியா..." என்று இழுத்தார்.

மேனேஜரம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சனிக்கிழமை ஸ்டேடியத்துல. மதியமே வந்துருங்க."

"முதல் நாளே ஸ்டேடியமா? அவ்வளவு கூட்டத்துக்கு ஆள் பிடிச்சாச்சா?"

"டிக்கெட் எல்லாம் வித்தாச்சு சார்."

இது படப்பிடிப்பு இல்லை, நிஜக் கச்சேரி என்பது நடிகருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் பதறிப்போய் சோபாவின் பக்கம் திரும்பினார். வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் சம்பாதித்த பேரை இப்படி எவனோ ஒருவன் தலையில் கட்டலாமா, உங்களுக்கு மனசு வலிக்கவில்லையா என்று கேட்டார்.

அவர் விந்தி விந்தி அருகே வந்தார். இரண்டு கையாலும் அந்தச் செம்பட்டை முடியைக் கழற்றினார். உள்ளே வழவழவென்று வழுக்கை. கழற்றியதை நடிகரின் தலையில் வைத்து, நெற்றிப் பக்கம் இழுத்துச் சரிசெய்தார்.

"என்கிட்டயும் படம்னுதான் சொன்னாங்க, தம்பி."