டெஸ்லியின் ஒப்புதல்

"அந்தக் கணக்கை முடக்குன்னு சொல்றேன்ல!"

"மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அந்தக் கணக்குல நுழைஞ்சு ஊர்த் தண்ணித் தொட்டி வால்வை யாரோ மூடிட்டிருக்காங்க தம்பி! வெளிய அனல் கொளுத்துது!"

"யாரோ இல்ல மேடம். டெஸ்லிதான் உள்ள வந்திருக்காங்க."

"டெஸ்லி செத்துப் போயாச்சு. சவப்பெட்டியைத் தூக்கினதுல நானும் ஒருத்தி!"

வாரிங்கா நகரசபைக் கணினிகளை இரவும் பகலும் கண்காணிக்கும் வேலை பிரிஸ்பேன் நிறுவனம் ஒன்றிடம் விடப்பட்டிருந்தது. இன்றைக்கு அங்கே பணியில் இருந்தவன் கோரி. எந்தக் கணக்கை முடக்கவும் நகரசபை அலுவலர் டெஸ்லியின் ஒப்புதல் வேண்டும் என்பது ஒப்பந்தம். அவள் இறந்த பிறகு பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அவள் வேலைக்கு வந்த நோலீன், அவள் நாற்காலியிலேயே அமர்ந்து கைபேசியில் கத்திக்கொண்டிருந்தாள்.

"விதிப்படி அவங்க மேசை நம்பருக்குக் கூப்பிட்டேன் மேடம். எடுத்தாங்க. 'நான்தான் மூடுறேன், விடு'ன்னாங்க."

நோலீன் மேசையைப் பார்த்தாள். டெஸ்லி இறந்த அன்றைக்கே தொலைபேசியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சுவரில் வெறும் துளைதான் இருந்தது. பக்கத்து அறையில் யாரோ குழாயைத் திறந்தார்கள். காற்று மட்டும் சீறியது.

"கோரி, இங்க போனே இல்லப்பா."

"இன்னும் லைன்லதான் இருக்காங்க மேடம். நீங்க அவங்க நாற்காலியில உக்காந்திருக்கீங்களாம். கொஞ்சம் எந்திரிக்கச் சொல்றாங்க."