இடது பக்கம் இழுக்கும் வண்டி

"இந்த வண்டியை ஓட்டிக்கிட்டு இவங்க இத்தனை நாள் முழுசா வீடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்மா."

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த மெக்கானிக் இப்படிச் சொன்னதும் மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவையும் வண்டியையும் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து வந்திருந்தாள்.

"என்ன கோளாறுன்னு எனக்கும் காட்டுங்கண்ணே. எங்க அண்ணன்கிட்ட அப்படியே சொல்லணும்."

ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த முன்சக்கரத்தை அவர் இரண்டு பக்கமும் பிடித்து அசைத்தார். டக் டக் என்று சத்தம் வந்தது.

"ஸ்டீயரிங்கைத் திருப்பினா சக்கரம் திரும்பறதுக்கு நடுவுல ஒரு கம்பி இருக்கு. அந்தக் கம்பியோட நுனியில இருக்கற மூட்டுதான் டை ராடு எண்டு. ரப்பர் கிழிஞ்சு, கிரீஸ் எல்லாம் போயி, தேஞ்சு லொடலொடன்னு ஆயிடுச்சு. டயரைப் பாருங்க, ஒரு ஓரம் மட்டும் மொட்டையாயிருக்கு. வண்டி இடது பக்கம் இழுக்காம என்ன செய்யும்?"

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா போன பிறகு டிரைவிங் ஸ்கூல் நடத்தி இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள் அவள். ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு அவள்தான் கிளட்சும் பிரேக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவளிடமிருந்துதான் போன வாரம் அண்ணன் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

முதலில் வீட்டு கேட்டில் உரசல். பிறகு விளக்குக் கம்பத்தில். கடைசியில் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த வேனை உரசியபோது, பின்சீட்டில் அண்ணனின் சின்ன மகள் இருந்தாள்.

"வண்டிதான்டா இழுக்குது" என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "வண்டி நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் வயசாயிடுச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று மகள்தான் அவனிடம் வாதாடிச் சாவியை வாங்கி வந்திருந்தாள்.

பழைய மூட்டு லேசில் கழன்று வரவில்லை. துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டித்தான் மெக்கானிக் அதை விடுவித்தார். ஒன்று தேய்ந்தால் மற்றதையும் நம்ப முடியாது என்று இரண்டு பக்கமும் புதிது போட்டார்.

அவர் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் டீ வாங்கி வந்து, அம்மாவுக்கு இடது புறம் பெஞ்சில் வைத்துவிட்டு அண்ணனிடம் போன் பேசப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். சாயங்காலம் வந்து அம்மாகிட்ட பேசறேன். நாளையிலேர்ந்து பாப்பாவைப் பழையபடி அம்மாவே ஸ்கூல்ல விடட்டும்."

அவள் திரும்பி வந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. "ஒரு வாய் டீ கிடைக்குமா?" என்று கேட்டாள் அம்மா.

"பக்கத்துலயே வச்சேனேம்மா. உன் மனசு இங்க இல்ல. விடு, அண்ணன் இறங்கி வந்துட்டான்."

விஷயத்தைக் கேட்டதும் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் சாவியை அவள் கையிலேயே கொடுத்தார். "ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு வாங்கம்மா."

மகள் அருகில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி கோடு போட்டதுபோல் போயிற்று. அம்மா ஸ்டீயரிங்கை விரல்களால் தொட்டாற்போலப் பிடித்திருந்தாள். வண்டி எந்தப் பக்கமும் அலையவில்லை.

மார்க்கெட் அருகே இடது பக்கச் சந்திலிருந்து, மூட்டை கட்டிய சைக்கிளோடு ஒருவர் சட்டென்று சாலைக்குள் வந்தார். மகளின் கால் தன்னையறியாமல் இல்லாத பிரேக்கை மிதித்தது.

அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை, திருப்பவுமில்லை. அந்த மனிதர் காலை ஊன்றி நின்றுவிட, அவருடைய முன்சக்கரத்துக்கும் காருக்கும் நடுவில் விரல் நுழையும் இடம்தான் இருந்தது. வண்டி நூல் பிடித்தாற்போல் அவரைக் கடந்தது. பழைய மூட்டோடு வந்திருந்தால் அந்த ஆள் இந்நேரம் சக்கரத்துக்கு அடியில் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. இன்ஜினை அணைத்த அம்மாவின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு இருந்தது.

"அண்ணனா இருந்தா பதறிப்போய் எங்கயாவது கொண்டு போய் மோதியிருப்பான். நீ கொஞ்சங்கூட அசையலையேம்மா. அந்தச் சைக்கிளை எப்படி அவ்வளவு நிதானமா தாண்டின?"

அம்மா சிரிப்பு மாறாமல் அவள் பக்கம் திரும்பினாள்.

"எந்தச் சைக்கிள்?"