நாற்பதாம் நம்பர் ஆயில்

"நீதானல ஊத்துன, எந்த எழவெடுத்த ஆயிலையோ..."

"நாப்பது அண்ணாச்சி, நாப்பதாம் நம்பர் ஆயிலுதான், சத்தியமா நான்..."

"சத்தியம் பண்ணுத மூஞ்சியப் பாரு. விஜிலா, இன்னொரு சுத்து."

விஜிலா, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டறை வைஸின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அதன் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் மெக்கானிக் இசக்கிராஜாவின் வலது கை இருந்தது. சுண்டுவிரல் ஏற்கெனவே கறுத்துவிட்டது.

அவன் திமிறாதபடி பின்னாலிருந்து அமுக்கிப் பிடித்திருந்தான் விஜிலாவின் தம்பி ஆன்டனி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கேள்வி கேட்பதெல்லாம் அவள் புருஷனின் அண்ணன் ரெக்சன்.

பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே வெயிலில் ஒரு லோடு ஆட்டோ. அதில் விஜிலாவின் செத்துப்போன புருஷன் கிளாட்வினின் பழைய எஸ்டி பைக். இரண்டு மாதம் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடந்துவிட்டு, அன்று காலைதான் விஜிலாவின் கைக்கு வந்திருந்தது. ஸ்டேஷனில் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், உப்பளத்து ரோட்டில் நான்கு பேர் கிளாட்வினை வெட்டிக் கொன்றார்கள். ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தவன் அவன். அன்றைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போய்க்கொண்டிருந்தான்.

துரத்துகிறார்கள் என்று தெரிந்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கியிருக்கிறான். இஞ்சின் அலறியதே தவிர வண்டி முன்னால் போகவில்லை என்று உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள்.

"சாட்சிக்குப் போகாதலன்னு நானும் எவ்வளவோ சொன்னேன்," என்றான் ரெக்சன். "கேட்டானா? எங்க ஆபீஸ் காருல கொண்டு விடச் சொல்லலாம்னா, அன்னைக்குன்னு பாத்து ஓனரு எடுத்துட்டுப் போயிட்டாரு. போனவனுக்கு வண்டியாவது ஓடியிருக்கணும்லா. எனக்குக் கியரும் தெரியாது, கிளட்சும் தெரியாது. முந்தின வாரம் ஆயில் மாத்துனது இவன். இவன்தான் சொல்லணும்."

"மைனி, ஒங்களுக்குச் சொல்லுதேன்." இசக்கிராஜாவுக்கு மூச்சு வாங்கியது. "இந்த வண்டியில கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயிலு. ரெண்டும் ஒரே எண்ணெயில முங்கிக் கெடக்கும். ஆயில் மாறுச்சுன்னா கிளட்ச் போச்சு. அது தெரிஞ்சுதான் இருவது வருசமா பழைய வண்டிக்கெல்லாம் பாத்துப் பாத்து ஊத்துதேன். கிளாட்வின் அண்ணனுக்கா மாத்தி ஊத்துவேன்?"

"எம் புருசன் பேர ஒன் வாயால சொல்லாத."

கம்பி இன்னொரு சுற்று சுற்றியது. காய்ந்த பனையோலையை ஒடித்தது மாதிரி ஒரு சத்தம். இசக்கிராஜாவின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"அத்தான், இவன் சொல்லுதது நெசமா இருந்துச்சுன்னா?" என்றான் ஆன்டனி.

"வண்டிய எறக்குங்க," இசக்கிராஜா அதைப் பிடித்துக்கொண்டான். "ஆயில் பிளக்கத் தொறந்து பாத்துருவோம். உள்ள நாப்பது இல்லன்னா இந்தக் கைய நீங்களே வெட்டிக்கிடுங்க."

"தொறந்து பாக்க என்ன இருக்கு?" ரெக்சன் சீறினான். "தொறந்து பாத்தா செத்தவன் எந்திச்சு வந்துருவானா?"

மாதா கோயிலில் பகல் பன்னிரண்டு மணி அடித்தது. விஜிலா கம்பியை விட்டுவிட்டுச் சிலுவை போட்டாள். மணி ஓயும்வரை அவள் உதடுகள் அசைந்தன. ஓய்ந்ததும் மறுபடியும் கம்பியைப் பிடித்தாள்.

"இன்னும் மூணு வெரலு மிச்சம் இருக்கு," என்றாள். "அதுவும் போச்சுன்னா ஸ்பேனர எதக்கொண்டுலே பிடிப்ப?"

இசக்கிராஜாவின் தலை தொங்கிவிட்டது. "விட்டுருங்க மைனி. நான்தான் மாத்தி ஊத்துனேன்."

ரெக்சன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "கேட்டியா விஜிலா? அவன் வாயாலயே சொல்லிட்டான்."

அவள் குனிந்தாள். "எந்த ஆயில ஊத்துன?"

"தொண்ணூறு. லாரிக்கு ஊத்துத தொண்ணூறாம் நம்பரு. நாப்பது தீந்துபோச்சு மைனி. கையில கெடந்தத ஊத்திட்டேன்."

"இப்பவும் பொய் சொல்லுதான் பாரு." ரெக்சன் பாய்ந்து அவன் தலைமுடியைப் பிடித்தான். "லாரி ஆயில ஊத்துனா கிளட்ச் ஒட்டிக்கிடும்லே, வழுக்காது. நீ ஊத்துனது காருக்கு ஊத்துதது. தேன் கலருல தண்ணி மாதிரி ஓடும்லா, அது. பொம்பளைக்கு என்ன தெரியும்னு ஏமாத்தவா பாக்க?"

ஆன்டனி தன் அக்காவைப் பார்த்தான்.

விஜிலா ஷட்டருக்குக் கீழே தெரிந்த வண்டியைப் பார்த்தாள். கயிறு அவிழ்க்கப்படவில்லை. கியர்பாக்ஸின் ஆயில் பிளக்கின் மேல் இரண்டு மாதத்துப் புழுதி, ஒரு விரல்தடம்கூட இல்லாமல் படிந்திருந்தது.

அவள் கம்பியை எதிர்ப்பக்கம் சுற்றினாள். தாடைகள் விரிந்தன. இசக்கிராஜாவின் கை நனைந்த துணி மாதிரி நழுவி விழுந்தது.

ஆன்டனி அவனை விட்டுவிட்டுப் போய், ஷட்டரை முழுசாக இறக்கினான். திரும்பி வந்து ரெக்சனின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

விஜிலா வைஸில் இருந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள்.

"அத்தான், ஒங்க கைய இங்கன வைங்க."