சீக்கிரமே வந்துவிடுகிறவள்

“‘மாடி ஏறி வர்றதுக்குள்ள அவங்களுக்கே மூச்சு வாங்குது. அவங்களா எங்க அத்தையை நடக்க வைக்கப் போறாங்க? ஒழுங்கான உடம்போட வேற ஆளை அனுப்புங்க.’ இப்படியா கிளினிக்குக்கு போன் பண்ணிச் சொன்னே?”

ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார் என் வீட்டுக்காரர். மேனேஜர் அவரிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

“ஆமா, சொன்னேன். பொய்யா? தன் உடம்பைப் பார்த்துக்கத் தெரியாதவங்க அடுத்தவங்களுக்கு எக்சர்சைஸ் சொல்லித் தரலாமா?”

“அம்மாவை ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி, கட்டிலே கதி என்று கிடக்கிறார் அத்தை. இப்போது நடக்காவிட்டால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் வந்த பிசியோதெரபி பையன் ஜிம் விளம்பரம் மாதிரி இருந்தான். அவனைக் கண்டாலே அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அவன் போய் இந்தம்மா வந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அதிலும் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து சோபாவில் சாய்ந்துவிடுவாள்.

இவள் வந்த பிறகு அத்தை எழுந்து உட்கார்ந்தார். ‘மருந்து வேலை செய்யுது’ என்றேன். இவள் பக்கத்தில் நிற்க, வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். ‘வாக்கர் நல்ல கம்பெனி’ என்றேன்.

“போ, இப்பவாவது கேளு,” என்றார் இவர்.

கேட்டேன்.

“அந்தப் பையன் பக்கத்துல நின்னா, நான் விழுந்தா அவனும் சேர்ந்து விழுவான்னு பயமா இருக்கும். இவ நின்னா தைரியமா இருக்கு. தாங்கிப்பா. ஏன், நிறுத்திட்டியா?”

பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. அவளேதான். வழக்கம்போல் சீக்கிரம். வழக்கம்போல் மூச்சிரைப்பு.

“கிளினிக்ல சொன்னாங்க மேடம். இன்னிக்கு எனக்கு இங்க கடைசி நாளாம்.”

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். “உட்காருங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

உட்கார்ந்தாள். “போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் எதுக்கு தினமும் சீக்கிரமே வர்றேன்னு நினைக்கிறீங்க?”

“மூச்சு வாங்கி முடிக்க.” என் வாய் அப்படி.

சிரித்தாள். “அதுவும்தான். முதல் நாள் கதவைத் திறந்ததுமே, செருப்பை எங்க விடணும்னு இங்கிலீஷ்ல அதட்டினீங்க. உள்ளே வந்தா பெரியம்மா கையில நீலம் பாய்ஞ்சிருக்கு. எப்படின்னு அவங்களைக் கேட்டா, நீங்க முந்திக்கிட்டு ‘விழுந்துட்டாங்க’ன்னீங்க. வெடுக்குனு பேசற மருமக வேற. முடிவு பண்ணிட்டேன்.”

“என்னன்னு?”

“நீங்கதான் தள்ளிவிட்டிருப்பீங்கன்னு.”

பேப்பருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் குலுங்க ஆரம்பித்தார்.

“அதான் முன்னாடியே வந்து கண்காணிப்பேன். ஒரு நாள் தலை பின்னி விட்டுட்டிருந்தீங்க. இன்னொரு நாள் நகம் வெட்டிக்கிட்டே அவங்களைத் திட்டிட்டிருந்தீங்க. எனக்காக நடிக்கறீங்கன்னு நினைச்சேன். எதைப் பார்த்தாலும் என் சந்தேகத்துக்குத் தோதா மாத்திக்கிட்டேன் மேடம். நேத்து மனசு கேக்காம பெரியம்மாகிட்டயே கேட்டுட்டேன். ‘மருமக அடிப்பாங்களா’ன்னு.”

“அத்தை என்ன சொன்னாங்க?”

“சிரிச்ச சிரிப்புல கட்டிலே ஆடிப்போச்சு. ‘அவளுக்கு வாய் மட்டும்தான் நீளம். கை நீளாது’ன்னாங்க. என்னை மன்னிச்சிடுங்க மேடம்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என்னை யாரும் இவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை. நினைத்தாலும் என் சோபாவில் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆனால் வரவில்லை. ஒரு கொடுமைக்காரியிடமிருந்து எங்கள் அத்தையைக் காப்பாற்ற ஒருத்தி தினமும் அத்தனை படியையும் மூச்சிரைக்க ஏறி வந்திருக்கிறாள். அந்தக் கொடுமைக்காரி நான் என்பது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

போனை எடுத்தேன்.

“மேனேஜர் சார், நாளைக்கும் இவங்களையே அனுப்புங்க.”

“மூச்சு வாங்குமே மேடம்?”

“வாங்கட்டும். கோளாறு என் பார்வையில. அதுக்கு உங்க கிளினிக்ல வைத்தியம் இல்லை.”

வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். “என்னைச் சந்தேகப்பட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா.”

“இதுக்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை மேடம்.”

“நான்தான் உங்க உடம்பைப் பத்தி...”

“விடுங்க. நீங்க என்னைக் குண்டுன்னீங்க, நான் உங்களைக் கொலைகாரின்னேன். தராசுல போட்டா என் பக்கம்தான் இறங்கும். என் உடம்பை ஏத்தாமலே!”

அவ்வளவுதான். பேப்பர் கீழே விழுந்தது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

டக்... டக்... என்று ஒரு சத்தம் நெருங்கி வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அறை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் வாக்கர். பக்கத்தில் யாருமே இல்லை.

“அப்படி என்ன சிரிப்பு இங்க?”

எங்கள் மூன்று பேர் கண்ணும் அவர் காலில் இருந்தது. பிசியோ தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“என்னைப் பத்தியா? எனக்கும் யாராவது சொல்லுங்களேன்!”