மூன்றாவது அச்சு

அவள் கண்களைப் பொத்தியிருந்த கைகளை அவன் எடுத்தான்.

பின்னறையில், அவளுடைய மேஜைமேல், ஓர் இயந்திரம் நின்றிருந்தது.

சி.என்.சி. ரவுட்டர். கணினியில் வரைந்த கோட்டை அப்படியே பலகையில் செதுக்கித் தருவது. முழுசாக இருந்தது. மோட்டார், ஒயர், தூசி உறிஞ்சும் குழாய் வரைக்கும்.

"செகண்ட் ஹேண்டுதான். ஆனா சூப்பரா ஓடுது," என்றான் சற்குணன். "ஹேப்பி பர்த்டே."

பிறந்தநாள் திங்கட்கிழமை. இன்று சனிதான். அதுவரை அவனுக்குப் பொறுக்கவில்லை.

கம்பெனியிலிருந்து வந்தவள் கழுத்து அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை. அடுத்தவர்கள் செய்த பாகங்களை நாளெல்லாம் அளந்து, தேறும் தேறாது என்று எழுதுகிற வேலை.

அவள் மேஜைக்குக் கீழே பார்த்தாள். பிறகு ஜன்னலோரம். பிறகு பீரோவுக்குப் பின்னால்.

"என்னோடது எங்கங்க?"

"எது?"

"நான் கட்டிட்டிருந்தது."

"அதுவா? இதை வைக்க எடம் வேணுமில்ல. காலைல தெருவுல பழைய இரும்பு வண்டி போச்சு. எடைக்குப் போட்டுட்டேன்."

கணவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பிரிக்கறதுக்குத்தான் எனக்கும் வண்டிக்காரருக்கும் தாவு தீந்துடுச்சு. எவ்ளோ ஸ்ட்ராங்கா மாட்டி வெச்சிருக்கே!"

மூன்று வருடம்.

அதுவும் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். சமைத்து, பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டது போக மிச்சம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகள். இதே மாதிரி ஓர் இயந்திரத்துக்காக அலுமினியச் சட்டங்களை அவளே அறுத்தாள். திருகு ஏற ஒவ்வொரு துளைக்கும் கையாலேயே மரை போட்டாள். சட்டம் இரண்டு முறை கோணிக்கொண்டது. இரண்டு முறையும் கடைசித் திருகு வரை பிரித்து, முதலிலிருந்து கட்டினாள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒன்றையே கேட்டார்கள். எதுக்கு இது? மனைப்பலகை செய்யப் போறியா?

பலகை செதுக்குவதில் அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. தான் செய்த ஒன்று, தான் சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன இடத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்துவைப்பாள்.

அவள் கட்டியது இடமும் வலமும் ஓடியது. முன்னும் பின்னும் ஓடியது. மேலும் கீழும் ஏறி இறங்குகிற மூன்றாவது அச்சு மட்டும் பாக்கி. போன ஞாயிறுதான் அதற்கான தகட்டில் துளைபோட்டு முடித்தாள். சற்குணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இன்னும் ரெண்டே வாரம் என்றாள்.

போன வருடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். அதுவும் உண்மை.

அவன் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் உறுமியது. பலகையில் அவள் பெயர் எழுத்து எழுத்தாக இறங்கியது.

பழக்கதோஷம். பையிலிருந்து வெர்னியர் அளவியை எடுத்து, வெட்டின் ஆழத்தை ஒவ்வோர் எழுத்திலும் அளந்து பார்த்தாள். முடியளவு பிசகில்லை. தன்னுடையது ஓடியிருந்தாலும் இத்தனை சுத்தமாக வெட்டியிருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

தெரிந்தது இன்னும் கசந்தது.

அவன் போன் அடித்தது. பேசிவிட்டு அவளிடம் நீட்டினான்.

"வித்தவரு. நல்லசிவம்னு பேரு, ஈரோடு. ஓட்டறவங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். பேசு, நான் டீ போட்டுக் கொண்டாரேன்."

அந்தக் குரலுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"மேடம், இடது பக்கத்து ஸ்க்ரூவுக்கு மட்டும் மாசம் ஒருக்கா எண்ணெ விட்டுருங்க. நானே கட்டுனதுங்க அது. விடாட்டி கோவிச்சுக்கும்."

"நீங்களே கட்டினதா?"

"ஆமாங்க. இப்ப இதைவிடப் பெருசா ஒண்ணு கட்டீட்டு இருக்கறேன். எடம் பத்தல. அதான் இதைத் தள்ளி உட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சட்டம் கோணாமல் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். மூலைக்கு மூலை அளந்ததைச் சொன்னார். எத்தனை முறை பிரித்தீர்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். அதையெல்லாம் கேக்காதீங்க என்றார்.

"நீங்களும் ஒண்ணு கட்டீட்டிருந்தீங்கன்னு சார் சொன்னாருங்க. எது வரைக்கும் வந்துச்சு?"

எதுக்கு என்று கேட்காத முதல் ஆள்.

அவள் சொன்னாள். சட்டத்தை, மரையை, முதல் நாள் மோட்டார் தவறான பக்கம் சுற்றியதை, அதை நிறுத்தத் தெரியாமல் ஒயரையே பிடுங்கியதை. மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் நடுவில் 'அட', 'அப்புடிங்களா' என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. கடைசியில் தகட்டைச் சொன்னாள்.

"அப்ப முடிஞ்ச மாதிரிதானுங்களே! தகட்டை மாட்டியிருந்தா ஓடியிருக்கும். அப்புறம் எதுக்குங்க மேடம் இதை வாங்குனீங்க?"

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு சற்குணன் உள்ளே வந்தான். இரண்டு கையிலும் டீ டம்ளர். முகத்தில் அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. தளும்பாமல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால கட்டி முடிக்க முடியலீங்க," என்றாள் போனில்.

மறுமுனையில் அந்தக் குரல், எண்ணெயை மறந்துடாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தது.

சற்குணன் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்தான். அவள் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.

"பரவால்ல, விடு," என்றான்.